புகைக்கு முன்னால் நடப்பவை

புனித வெள்ளியை ஒட்டி ஜெர்மனியின் பல சிற்றூர்களில் மீன்பிடிச் சங்கங்களின் கொட்டகைகளிலிருந்து புகை எழும். ஆளுயரத் தகர அடுப்புகளுக்குள் ட்ரவுட் மீன்கள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே சொல்லிவைத்தவர்கள் காகிதத்தில் சுற்றி வாங்கிப்போவார்கள். மூக்கில் ஏறும் காரமுள்ள ஹார்ஸ்ராடிஷ் கிழங்கைத் துருவிப் பாலேட்டில் கலந்து, ரொட்டியோடு சாப்பிடுவது வழக்கம். வீட்டுத் தோட்டத்தில் சிறிய அடுப்பு வைத்து, தாங்கள் பிடித்த மீனுக்குத் தாங்களே புகை போடுகிறவர்களும் அங்கே நிறைய.

பார்க்கிறவர் கண்ணில் படுவது புகைதான். வேலை தெரிந்தவர்களோ அதற்கு முந்தைய இரவைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். மீன் அடுப்புக்குள் போகும்போது அதன் ருசியில் பெரும்பகுதி முடிவாகிவிட்டிருக்கும்.

இன்று அங்கே அதிகம் புகை போடப்படும் வானவில் ட்ரவுட் உண்மையில் வந்தேறி. வட அமெரிக்காவின் மேற்குக்கரை ஆறுகளும் ரஷ்யாவின் கம்சட்காவும் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவுக்கு முட்டையாக வந்து சேர்ந்தது. நீலகிரியின் அவலாஞ்சியிலும் மூணாறு மலை ஓடைகளிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டதும் இதே இனம்தான். குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் இல்லாமல் அது பிழைக்காது.

அந்தக் குளிர்தான் சமைப்பவருக்கு முதல் சிக்கல். குளிர்நீரில் வாழும் மீனின் நொதிகள் குளிரிலேயே சுறுசுறுப்பாக வேலை செய்யப் பழகியவை. அதன்மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் அப்படித்தான். எனவே குளிர்சாதனப் பெட்டி அவற்றை முழுதாக அடக்குவதில்லை. நம் வெப்பமண்டல மீன் ஐஸில் வைத்தால் தாங்கும் நாட்களைவிடக் குளிர்நாட்டு மீன் பொதுவாகக் குறைவாகவே தாங்கும். கரைக்கு வந்தவுடன் ஐஸ் என்பது அங்கே தட்ட முடியாத விதி.

இன்னொரு விதி சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் தூண்டில் போடவே பொதுவாகத் தேர்வெழுதி உரிமம் வாங்க வேண்டும். பிடித்த மீனைத் தலையில் ஓர் அடியால் மயங்கச் செய்த பிறகே கொல்ல வேண்டும். இரக்கம் கருதி வந்த விதி என்றாலும் சதைக்கும் அது நல்லது. துடித்துத் துடித்துச் சாகும் மீன், தசையில் சேர்த்துவைத்த ஆற்றலையெல்லாம் செலவழித்து லாக்டிக் அமிலத்தைக் குவித்துக்கொள்ளும். அப்புறம் உடல் சீக்கிரமே விறைக்கும், விறைப்பும் கடுமையாக இருக்கும், அடுக்குகள் பிளந்துபோகும்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை இல்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, செவுளையும் பிடுங்கிவிட வேண்டும். முதுகெலும்பை ஒட்டி உட்புறம் கருஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடும். பலர் அதை உறைந்த ரத்தம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது மீனின் சிறுநீரகம். விரல் நகத்தாலோ கரண்டி முனையாலோ வழித்தெடுக்காவிட்டால் கசப்பு அங்கிருந்துதான் தொடங்கும். செதில் மிகப் பொடியானது, சுரண்டத் தேவையில்லை. மேலே வழுக்கும் கோழையை மட்டும் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

அடுத்தது உப்புநீர். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம் உப்பு, குளிரில் ஓர் இரவு. அங்கே வீட்டுக்கு வீடு நசுக்கிய ஜூனிப்பர் பழம், மிளகு, பிரியாணி இலை என்று மாறினாலும் உப்பின் கணக்கு அதிகம் மாறுவதில்லை. உப்பு சதைக்குள் ஊடுருவும் வேகத்துக்கு ஒரு விசித்திரக் கணக்கு உண்டு: மீனின் தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். பெரிய மீனையும் சிறிய மீனையும் ஒரே பாத்திரத்தில் போட்டு ஒரே நேரத்தில் எடுத்தால் ஒன்று கரிக்கும், இன்னொன்று சப்பென்று இருக்கும்.

ருசி தருவதோடு உப்பின் வேலை முடிவதில்லை. தசையை இயக்கும் மயோசின் என்ற புரதம் வெறும் தண்ணீரில் கரையாது, உப்புநீரில் கரையும். ஊறிய மீனின் மேற்பரப்பில் கரைந்த புரதம் மெல்லிய பசையாகப் படிந்திருக்கும். மீனைத் தண்ணீரில் அலசி, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் தொங்கவிட்டால், பால் ஆறும்போது மேலே படர்வது போல ஓர் ஆடை உருவாகும். தொட்டால் விரல் ஈரமாகாது, ஆனால் லேசாக ஒட்டும். அந்தப் பதம் வரும்வரை அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது.

ஏன் இந்தப் பிடிவாதம்? கண்ணுக்குத் தெரியும் புகை என்பது தாரும் கரியும் கலந்த நுண்துளிகளின் மேகம். மணம் அந்தத் துளிகளில் குறைவு. துளிகளுக்கு இடையே ஆவியாக, கண்ணுக்கே தெரியாமல் மிதக்கும் சேர்மங்கள்தான் மீனுக்குப் பெரும்பாலான மணத்தைத் தருகின்றன. அவை மீன்மேல் பட்டு, அங்குள்ள சிறிதளவு ஈரத்தில் கரைந்து உள்ளே போக வேண்டும். மீன் சொட்டச் சொட்ட இருந்தால் கரியும் அமிலமும் அந்தத் தண்ணீரில் கலந்து கோடு கோடாக வழியும், நிறம் திட்டுத் திட்டாகும், கசக்கும். காய்ந்து சருகானால் ஆவி உள்ளே போக வழியிருக்காது. இரண்டுக்கும் நடுவில், ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் புரத ஆடைதான் புகையை வாங்கிக்கொள்ளச் சரியான பரப்பு. அவசரக்காரர்கள் விடும் படியும் இதுவேதான்.

இனி மரம். பீச், ஆல்டர் போன்ற கடின மரங்களின் தூளும் சீவலும்தான் அங்கே புகைக்கு. மரத்தில் முக்கியமான பொருட்கள் மூன்று: ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின். சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஹெமிசெல்லுலோஸ் முதலில் சிதைந்து, அசெட்டிக் அமிலத்தையும் கார்பனைல் சேர்மங்களையும் விடும். இந்தக் கார்பனைல்கள் மீனின் புரதத்தோடு வினைபுரிவதால்தான் அந்தப் பொன்னிறம். 300 டிகிரிக்கு மேல் லிக்னினின் முறை. அதிலிருந்து பிறக்கும் குவாயகால், சிரிங்கால் என்ற ஃபீனால்களே புகைமணத்தின் ஆணிவேர். கிராம்புக்கு மணம் தரும் யூஜினாலும் வனிலாவின் வனிலினும் இதே குடும்பம். மரப்புகையிலும் அவை சிறிதளவு உண்டு. ஃபீனால்களுக்கு இன்னொரு குணம், மீன் கொழுப்பு காற்றுப்பட்டுக் காறிப்போவதைத் தடுப்பது. ட்ரவுட் போன்ற கொழுப்புள்ள மீனுக்கு இது பெரிய உபகாரம்.

பைன் போன்ற பிசின் மரங்களை ஒதுக்குவதற்குக் காரணம், பிசின் எரிந்து கரியும் கசப்பும் கொட்டுவதுதான். மரத்தூள் கொழுந்துவிட்டு எரிவதும் ஆபத்து. சூடு 400 டிகிரிக்கு மேல் ஏற ஏற, பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் கூடும். ஐரோப்பிய ஒன்றியம் புகையூட்டிய மீனில் பென்சோபைரீனுக்கு வைத்திருக்கும் வரம்பு, ஒரு கிலோவுக்கு வெறும் 2 மைக்ரோகிராம். நல்ல செய்தி, இவற்றில் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடும். சாப்பிடும்போது தோலை உரித்துப் போட்டுவிடலாம்.

அடுப்பில் முதலில் சூட்டை ஏற்றி மீனை வேகவைத்து, பிறகு சூட்டைக் குறைத்துப் புகை விடுவது ஜெர்மன் முறை. வெந்ததா என்று பார்க்க முதுகுத் துடுப்பை இழுப்பார்கள். எளிதாகக் கையோடு வந்தால் வெந்துவிட்டது. குளிர்நீர் மீனின் இணைப்புத் திசு குறைந்த சூட்டிலேயே இளகிவிடுவதால் இந்தச் சோதனை பலிக்கிறது. ஆனால் பாதுகாப்புக்குத் துடுப்பை நம்ப முடியாது. மீனின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு வழிகாட்டுதல். வெப்பமானி ஒன்று வாங்கிவைப்பது நல்லது.

புகை போட்டால் மீன் கெடாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. மாலத்தீவிலிருந்து வரும் மாசிக் கருவாடு மாதக்கணக்கில் நிற்கிறதே! ஆனால் மாசி அவிந்து, புகையில் வாடி, வெயிலில் காய்ந்து கட்டையாக இறுகிய சூரை மீன். நுண்ணுயிர் வாழ அதில் தண்ணீரே இல்லை. வீட்டில் புகை போட்ட ட்ரவுட்டோ மிருதுவானது, ஈரமானது, உப்பும் சாப்பாட்டு அளவுதான். 1963இல் அமெரிக்காவில், பெரிய ஏரிகளில் பிடித்துப் புகை போட்டுக் காற்றில்லாப் பைகளில் அடைத்து விற்ற மீனைச் சாப்பிட்டுச் சிலர் இறந்துபோனார்கள். காரணம் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் நுண்ணுயிரின் ஈ வகை. ஏரிச் சேற்றில் வாழ்வது. காற்றில்லாத இடத்தைத் தேடுவது. சுமார் 3 டிகிரிக் குளிரிலும் வளரக்கூடியது. கெட்ட வாடை எதையும் காட்டாதது. ஆகவே ஆறிய மீனைக் காகிதத்தில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் சாப்பிட்டுவிட வேண்டும். காற்றை உறிஞ்சிய பையில் அடைத்துவைக்க ஆசையென்றால் அதன் இடம் உறைபெட்டிதான். உருக வைக்கும்போது முதலில் பையைத் திறந்துவிடுங்கள்.