முறுக்கிணை வடத்தில் காணொளிச் சைகை அனுப்புதல்

முறுக்கிணை வடத்தில் காணொளிச் சைகை அனுப்புதல் என்பது, கணினியிலிருந்து வெளிவரும் நிறச் சைகைகளையும் ஒத்திசைவுச் சைகைகளையும், கணினி வலையமைப்புக்குப் பயன்படும் மலிவான வடத்தின் வழியே தொலைவிலுள்ள திரைக்குக் கொண்டு செல்லும் முறையாகும். இதற்கு வேறுபாட்டு இயக்கி (டிஃபரன்ஷியல் டிரைவர்) என்னும் மின்சுற்று பயன்படுகிறது.

பின்னணி

1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையில் படம் ஐந்து சைகைகளாக வெளிவருகிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் 0 முதல் 0.7 வோல்ட் வரை தொடர்ச்சியாக மாறுபவை. மற்ற இரண்டும் ஒத்திசைவுத் துடிப்புகள். கிடைத் துடிப்பு ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும், குத்துத் துடிப்பு ஒவ்வொரு முழுப்படத்தின் தொடக்கத்தையும் திரைக்குத் தெரிவிக்கின்றன. இவை சரியாக வந்து சேராவிட்டால் படம் நிலைகொள்ளாது.

இச்சைகைகளை நெடுந்தொலைவு கொண்டு செல்ல, ஒவ்வொன்றுக்கும் 75 ஓம் ஓரச்சு வடம் ஒன்று தேவைப்பட்டது. ஐந்து வடங்கள் சேர்ந்தால் தடிமனும் செலவும் கூடும். கேட்-5 வகை வடத்திலோ ஒரே உறைக்குள் நான்கு முறுக்கிணைகள் உள்ளன.

செயல்படும் விதம்

இயக்கி ஒரு சைகையை இரண்டாகப் பிரித்து, ஒரு கம்பியில் நேர்க்குறியுடனும் மற்றதில் எதிர்க்குறியுடனும் அனுப்புகிறது. 0.7 வோல்ட் சைகை +0.35, −0.35 எனப் பிரியும். வழியில் 0.2 வோல்ட் இரைச்சல் இரு கம்பிகளிலும் புகுந்தால் அவை +0.55, −0.15 ஆகும். பெறும் கருவி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது மீண்டும் 0.7 வோல்ட் கிடைக்கிறது, இரைச்சல் நீங்கிவிடுகிறது.

இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாகப் புகுந்தால்தான் இது பலிக்கும். முறுக்குவதால் கம்பிகள் மாறி மாறி இரைச்சலின் பக்கம் வருகின்றன. எனவே இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பாதிப்பைப் பெறுகின்றன. தொலைபேசிக் கம்பிகளுக்காக இம்முறைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார்.

வடத்தின் மின்மறுப்பு 100 ஓம். பெறும் முனையில் அதே அளவுள்ள மின்தடையை இணைக்காவிட்டால் சைகை எதிரொலித்து, எழுத்துகளின் அருகே நிழல் தோன்றும். அனுப்பும் முனையிலும் கம்பிக்கு 50 ஓம் வீதம் இணைக்கப்படும். இதனால் மின்னழுத்தம் பாதியாகக் குறைவதால், இயக்கியின் பெருக்கம் 2 என அமைக்கப்படுகிறது.

ஐந்து சைகைகள், நான்கு இணைகள்

ஒத்திசைவைப் பச்சைச் சைகையோடு சேர்த்து அனுப்புவது ஓர் எளிய வழி. மற்றொரு வழி, இரு கம்பிகளின் சராசரியான பொது மின்னழுத்தத்தில் அதை ஏற்றுவது. கழித்தலில் இந்தச் சராசரி மறைந்துவிடுவதால் நிறம் பாதிக்கப்படாது.

கிடைத் துடிப்பு சிவப்பு இணையில் எதிர்க்குறியுடனும் நீல இணையில் நேர்க்குறியுடனும் ஏற்றப்படும். குத்துத் துடிப்பு அவ்விரண்டிலும் ஒரு மடங்கு நேர்க்குறியுடனும், பச்சையில் இரு மடங்கு எதிர்க்குறியுடனும் ஏற்றப்படும். நீலத்தின் சராசரியிலிருந்து சிவப்பின் சராசரியைக் கழித்தால் கிடைத் துடிப்பு மட்டும் மீளும். மூன்று சராசரிகளின் கூட்டுத்தொகை மாறாதிருப்பதால், வடம் ஆன்டெனாபோல வெளியே பரப்பும் கதிர்வீச்சும் குறைகிறது. நான்காம் இணை ஒலிக்கோ கட்டுப்பாட்டுச் சைகைக்கோ எஞ்சுகிறது.

நிறப் பிறழ்வும் மங்கலும்

ஓர் இணையின் சைகை மற்றோர் இணைக்குள் கசியாதிருக்க, நான்கு இணைகளும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்படுகின்றன. நெருக்கமாக முறுக்கிய கம்பி நீளம் கூடியது. அதில் செல்லும் சைகை தாமதமாக வந்து சேரும். கேட்-5இ தரநிலை 100 மீட்டருக்கு 45 நானோநொடி வரை இவ்வேறுபாட்டை அனுமதிக்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 1024×768 படத்தில் ஒரு புள்ளிக்குரிய நேரம் ஏறத்தாழ 15 நானோநொடியே. எனவே ஒரு நிறம் மூன்று புள்ளிகள் வரை விலகக்கூடும். வெள்ளை எழுத்தின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் தெரியும். கசிவைத் தடுக்கும் அதே ஏற்பாடுதான் இந்தக் குறையை உண்டாக்குகிறது. விரைவாக வரும் நிறங்களைத் தாமதச் சுற்றின் வழியே செலுத்தி இதைச் சரிசெய்கின்றனர்.

மேலும், அதிர்வெண் கூடக்கூட வடத்தில் இழப்பும் கூடுவதால் படத்தின் விளிம்புகள் மங்கும். பெறும் முனையிலுள்ள சமப்படுத்தி, வடத்தின் நீளத்துக்கேற்ப உயர் அதிர்வெண்களை மிகுதியாகப் பெருக்குகிறது. அளவு மீறினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

இன்றைய நிலை

எச்.டி.எம்.ஐ. இணைப்பு படத்தை எண்முறைத் தரவாகக் கொண்டு செல்கிறது. அதிலும் வேறுபாட்டு முறையே அடிப்படை. 2010-இல் வெளிவந்த எச்.டி.பேஸ்டி முறை, எண்முறைப் படத்தையும் ஒலியையும் ஒரே வலையமைப்பு வடத்தில் 100 மீட்டர் வரை கொண்டு செல்கிறது.