கண்ணாடித் தொட்டியில் கசிவு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், விதுராவைக் கடந்ததும் கல்லாறு எதிர்ப்படுகிறது. மலையிலிருந்து இறங்கும் நீர் பாறைகளின் இடுக்கெல்லாம் புகுந்தோடி, கீழே வாமனபுரம் ஆற்றில் கலக்கிறது. அங்கே நீர் ஒழுகுவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை. அவ்வோடை மீன்களின் அழகில் மனம் பறிகொடுத்து, நகரத்து வாடகை வீட்டின் மாடியில் கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவரின் நிலை வேறு. தரையில் ஒரு சொட்டு ஈரம் கண்டாலும் அவர் நெஞ்சு படபடக்கும். அயல் மாநிலத்தில் நல்ல வீடு அமைவதே அரிதான நம்மவர்க்கு, வீட்டுக்காரரின் நல்லெண்ணம் முன்பணத்தினும் பெரிதல்லவா?

முதலில் தொட்டியின் கனத்தை அறிவோம். 3 அடி நீளமும், 1 அடி அகலமும், ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 106 லிட்டர் நீர் கொள்ளும். அத்தனையும் கொட்டினால், 10 அடிச் சதுர அறையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கும். நிரம்பிய தொட்டியின் முன்கண்ணாடியை நீர் நெருக்கும் விசை சுமார் 66 கிலோ எடைக்குச் சமம். இவ்விசை நீரின் உயரத்தோடு நேராகக் குறைவதன்று; உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறைவது. ஆதலால் நீரைப் பாதியாக்கினால் விசை கால்பங்காகிவிடும். கசிவு கண்டவுடன் செய்யவேண்டிய காரியம் யாது என்பதற்கு இக்கணக்கே விடை.

பெரிய தொட்டிகளும் இவ்விதிக்கு விலக்கல்ல. பெர்லின் நகரத்து விடுதியொன்றில் நின்ற 'அக்வாடோம்' என்னும் உருளைத் தொட்டி 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் வெடித்து, சுமார் 10 லட்சம் லிட்டர் நீரைத் தெருவரை கொட்டியது. அதிலிருந்த மீன்கள் ஏறத்தாழ 1500, பெரும்பாலானவை மாண்டன.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். ஈரமெல்லாம் கசிவாகிவிடாது. மழைக்காலத்தில் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் நீர் அரும்பும். துள்ளும் மீனும் தெளிக்கும். காற்றுப் பம்பு நீர்மட்டத்திற்குக் கீழே இருந்து, மின்சாரம் நின்றுவிட்டால், இரப்பர்க் குழாய் வழியே நீர் தானாகவே கீழிறங்கும். பம்பை உயரத்தில் வைத்தால் இத்தொல்லை இல்லை. வெளிப்புறத்தை நன்கு துடைத்து, சுற்றிலும் செய்தித்தாளை விரித்து, நீர்மட்டத்தில் ஒரு கோடு கிழித்துக் கவனியுங்கள். காகிதம் எம்மூலையில் முதலில் நனைகிறதோ அங்கே ஐயம் கொள்ளலாம்.

கசிவு உறுதியானால், மின்சார இணைப்பைத் துண்டித்து, தொட்டி நீரையே வாளிகளில் இறைத்து மீன்களை அதில் விடவேண்டும். புதிய குழாய் நீரில் விடுவது தவறு. அதிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். பலரும் மறந்துவிடுவது வடிகட்டியின் பஞ்சை. மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நஞ்சை மாற்றியமைக்கும் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் அப்பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. அதைக் குழாயடியில் அலசிக் காயப்போட்டால், தொட்டி செப்பமான பின்னும் மீன்கள் மடியும். பழைய நீரிலேயே மிதக்கவிட்டு, காற்றோட்டமும் கொடுங்கள்.

அடுத்தது வீட்டுக்காரர். கீழ்வீட்டு மேற்கூரையில் கறை தோன்றி அவரிடம் கதை சொல்லுமுன் நாமே சொல்லிவிடுவது நலம். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு விதமாக இல்லாவிடத்து, குடியிருப்பவர் செயலாலோ தவற்றாலோ நேர்ந்த குறையை, அறிவிப்புப் பெற்ற மூன்று மாதத்திற்குள் அவரே சீர்செய்யவேண்டும் என்கிறது. கட்டடத்தின் மதிப்பைப் பெருமளவிலும் நிலையாகவும் குறைக்கும்படி பயன்படுத்தினால், 1965-ஆம் ஆண்டுக் கேரளக் குடியிருப்புச் சட்டப்படி வெளியேற்றவும் வழக்குத் தொடரலாம். ஒரு கசிவு அவ்வளவுக்குப் போகாது. மாதக்கணக்கில் பாராமுகமாக இருந்தால் போகலாம்.

இவ்விடத்தில் ஒரு பழைய வழக்கு நினைவுக்கு வருகிறது. அன்றைய சென்னை மாகாணத்துக் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைத்து, வெள்ளம் இரயில்வேப் பாலங்களைச் சேதப்படுத்தியது. 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், பாசனத்திற்காகத் தொன்றுதொட்டு ஏரிகளைக் காத்துவருதல் ஜமீனின் கடமையாதலால், அசட்டை மெய்ப்பிக்கப்படாதவரை ஜமீன்தார் பொறுப்பாகார் எனத் தீர்த்தது. ஊருக்குச் சோறிட்ட ஏரிக்குக் கிடைத்த அச்சலுகையை, நம் பொழுதுபோக்குத் தொட்டிக்கு எந்த நீதிமன்றமும் தரும் என்று நான் நம்பவில்லை.

வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தில் நாள், நேரம், செய்த சீர் ஆகியவை இருக்கட்டும். மலையாளத்தில் கசிவைச் 'சோர்ச்ச' என்பர். கண்ணீர் சோர்ந்தது என்று நாமும் எழுதுகிறோமே, அதே சொல்தான். எனவே அயல்மொழிச் சொல் என்று அஞ்சவேண்டாம்.

இனிச் செப்பம். கண்ணாடியே கீறியிருந்தால் ஒட்டி ஒப்பேற்றாமல் மாற்றிவிடுவதே சிலாக்கியம். மூட்டில் கசிந்தால், வெளியே பூசுவது வீண். உள்ளிருக்கும் நீர் அப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். உட்புறப் பூச்சை நீரே மூட்டோடு அழுத்திப் பிடிக்கும். பழைய சிலிக்கோன்மேல் புதியது பிடிக்காது. ஆகையால் உட்கரை முழுவதையும் சவர அலகால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, கண்ணாடி உலர்ந்தபின் பூசவேண்டும். குளியலறைக்கென்று பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்து விற்கும் பசை மீன்களுக்கு நஞ்சு. பூசியதும் புளிக்காடி நெடி அடிக்கும் வகையே தொட்டிகளுக்கு வழக்கமாகப் பயன்படுவது. மழைக்காலத்தில் இது காயாதே என்று கவலைப்படுவோர் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறு: இப்பசை காற்றிலுள்ள ஈரத்தை உண்டே இறுகுகிறது. கேரளத்துக் காற்று அதற்கு உகந்ததே.

குறைந்தது இரண்டு நாட்கள், நெடி நீங்கும்வரை, விட்டுவையுங்கள். தொட்டி நிற்கும் மேசை சமமாக இருக்கிறதா எனவும் பாருங்கள். கோணலான பலகை மூட்டை முறுக்கிப் பிரித்துவிடும். அடியில் ஒரு தெர்மகோல் பலகை போடுவது நன்று. பிறகு குளியலறைத் தரையில் வைத்துப் பாதி நீர் ஊற்றி ஒரு நாளும், முழுதாக நிரப்பி மற்றொரு நாளும் காகிதம் நனைகிறதா என்று சோதியுங்கள். நனையாவிடில் அந்நீரைக் கொட்டி, தொட்டியைப் பழைய இடத்தில் வைத்து, வாளி நீரையும் பஞ்சையும் முன்னர் இட்டு, மீன்களைக் கடைசியாக விடுங்கள்.