மூச்சை விடும்மா, குதிரை நடக்கும்

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பிளாஸ்டிக் பைதான். பயிற்சித் திடலின் வேலியில் மாட்டிக்கொண்டு காற்றில் படபடத்த வெள்ளைப் பை. அதைக் கண்டதும் குதிரை பக்கவாட்டில் ஒரே துள்ளாகத் துள்ளியது. அது இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். கீழே மணல் என்பதால் எலும்பு தப்பியது. தலைக்கவசத்தில் ஒரு கீறல், இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போனபோது என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டார்.

"ஸ்டூடியோ படிக்கட்டுல வழுக்கிட்டேம்மா."

குதிரையேற்றம் பழகுவதையே நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. முப்பது வயதைத் தாண்டிய மகள் குதிரைமேல் ஏறுகிறாள் என்றால் அம்மா என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும்.

இது தொடங்கியது வேலை விஷயமாகத்தான். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் நடந்தது. 1842ல் தொடங்கிய சிங்கப்பூரின் பந்தய வரலாறு அன்றோடு முடிந்தது. அதையொட்டி வானொலிக்காகச் சிலரைப் பேட்டி எடுக்கப் போனேன். பந்தயத்தில் எனக்கு என்றைக்கும் ஆர்வம் இருந்ததில்லை. ஆனால், பந்தய லாயத்தில் பல ஆண்டுகள் 'சைஸ்' ஆக, அதாவது குதிரைப் பராமரிப்பாளராக இருந்த தமிழ்ப் பெரியவர் ஒருவர், பேட்டி முடிந்ததும் என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி ஒரு கேரட் துண்டை வைத்தார். "விரலை மடக்காதம்மா, கடிச்சிடும்" என்றார். குதிரையின் மீசை முடி கையில் உரசியது. அடுத்த சில மாதங்களில், அவர் புதிதாகச் சேர்ந்திருந்த குதிரையேற்றப் பள்ளியிலேயே நானும் பெயர் கொடுத்துவிட்டேன். ஆறு வகுப்புகள் நன்றாகப் போயின. ஏழாவதில்தான் அந்தப் பை.

ரத்தக்கட்டு இரண்டு வாரத்தில் மறைந்தது. பயம் மறையவில்லை. மழை, புகைமூட்டம், காலை ஒலிபரப்பு என்று வாரத்துக்கு ஒரு சாக்கு சொல்லி வகுப்பைத் தள்ளிப்போட்டேன். பத்தாண்டுகளாக நேரலையில் பேசுகிறவள் நான். வாய் குழறினாலோ விருந்தினர் வராமல் போனாலோ ஒரு பாட்டைப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஏறக்குறைய ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணிக்கு என்ன பாட்டைப் போடுவது? அடிபட்டதைவிட, அந்த ஒரு நொடியில் என் கையில் எதுவுமே இல்லாமல் போனதுதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்துப் பெரியவரே கூப்பிட்டார். "ஏற வேணாம்மா. சும்மா வந்து தேய்ச்சு விட்டுட்டுப் போ."

இரண்டு வாரயிறுதிகளில் அதை மட்டுமே செய்தேன். உடம்பைத் தேய்ப்பது, பிடரியைச் சீவுவது, குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவது. சேணம் என்று நாங்கள் செய்தியில் எழுதுவதை அவர் ஜீனி என்கிறார். குதிரைக்குப் பள்ளி வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர் அவர் வாயில் நுழையாது. அவருக்கு எல்லாக் குதிரையும் ராஜாதான். எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவர்தான் காட்டினார். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், கழுத்தைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி அநேகமாக எல்லாவற்றையும் அது பார்த்துவிடும். நேர் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும் இருப்பது மட்டும் தெரியாது. அதனால் தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். காது முன்னால் நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. ஒரு காது நம் பக்கம் திரும்பினால் நாம் சொல்வதைக் கேட்கிறது. இரண்டும் பின்னால் படிந்து ஒட்டிக்கொண்டால் விலகிவிடுவது நல்லது.

அப்போதுதான் பிளாஸ்டிக் பை எனக்குப் புரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது குதிரைக்கும் பொருந்தும். வேட்டையாடப்பட்டுப் பிழைத்த இனம் அது. சிறுத்தையா, பையா என்று நின்று ஆராய்ந்தவை பிழைத்திருக்காது. முதலில் ஓடு, பிறகு பார் என்பதுதான் அதன் பாடம். அன்று அது என்னைத் தள்ளிவிடவில்லை. அதுவும் பயந்தது, நானும் பயந்தேன்.

பயம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் என்பதற்கு ஸ்வீடன் ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை உண்டு, 2009ல் வெளியானது. குதிரையை நடத்திக்கொண்டோ அதன்மேல் ஏறிக்கொண்டோ ஒரே பாதையில் நான்கு முறை போகச் சொன்னார்கள். நான்காவது முறைக்குச் சற்று முன்பு, நீங்கள் கடக்கும்போது பக்கத்தில் ஒருவர் குடையை விரிப்பார் என்று சொல்லிவைத்தார்கள். குடையை யாரும் விரிக்கவே இல்லை. ஆனாலும் மனிதர்களின் இதயத் துடிப்பு எகிறியது. குடையைப் பற்றி எதுவுமே தெரியாத குதிரைகளின் துடிப்பும் கூடவே எகிறியது.

மூன்றாவது வாரம் ஏறினேன். பயிற்றுவிப்பாளர் என்னைவிட வயதில் சிறிய பெண். நீளக் கயிற்றில் குதிரையைப் பிடித்துக்கொண்டு தன்னைச் சுற்றி வட்டமாக நடக்கவிட்டார். அரை வட்டம்கூட முடிந்திருக்காது, "பேசுங்கள்" என்றார். என்ன பேச? "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" பதில் வரவில்லை. நான் மூச்சையே விடாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பேசிப் பிழைக்கும் எனக்கு இது பெரிய அவமானம்.

மூச்சை அடக்கினால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கினார். தோள் மேலே ஏறும், தொடை இறுகும், கை தானாகக் கடிவாள வாரை இழுக்கும். காலால் இறுக்கினால் 'போ', வாரை இழுத்தால் 'நில்' என்று பழக்கப்பட்ட குதிரை அது. நான் ஒரே நேரத்தில் போ என்றும் நில் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மிரளாமல் என்ன செய்யும்? வேலியோரம் நின்ற பெரியவர் இதையே நாலு சொல்லில் முடித்தார்: "மூச்சை விடும்மா, குதிரை நடக்கும்."

பேசிக்கொண்டே இருப்பவர்கள் மூச்சை அடக்க முடியாது. வேறெதுவும் தோன்றாததால் வாயில் ஊறிப்போனதைச் சொன்னேன். "தீவு விரைவுச்சாலையில் துவாஸ் நோக்கிச் செல்லும் தடத்தில், தாம்சன் சாலைக்கு அருகே போக்குவரத்து நெரிசல்..." பயிற்றுவிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. குதிரைக்கும்தான். ஆனால் அதன் ஒரு காது என் பக்கம் திரும்பியது, நடை இலகுவானது. அன்றைக்கு இல்லாத நெரிசலையெல்லாம் அறிவித்துக்கொண்டே பத்து வட்டம் போனேன்.

தைரியம் கொடுத்தவை இன்னும் இரண்டு. ஒன்று, வகுப்பை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் உரிமை. இன்றைக்கு நடை மட்டும் போதும் என்றால், துள்ளோட்டத்துக்கு யாரும் வற்புறுத்த மாட்டார்கள். 'விழுந்தால் உடனே ஏறிவிடு' என்று சொல்வது வழக்கம். எல்லாருக்கும் அது பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குக் குளம்பு சுரண்டும் இரண்டு வாரங்கள் தேவைப்பட்டன. இன்னொன்று, அவசரத்தில் நிறுத்தும் முறை. குதிரை கட்டுக்கடங்காமல் போகத் தொடங்கும்போதே, இரண்டு வார்களையும் சேர்த்து இழுத்து மல்லுக்கட்டாமல், ஒரு பக்க வாரால் மட்டும் தலையை மெல்லத் திருப்பி வட்டம் போடவைத்தால் வேகம் குறைந்து நிற்கும். நடையில் இதை ஐம்பது தடவையாவது செய்து பார்த்திருப்பேன். அந்தப் பழைய கனவு பிறகு குறைந்துவிட்டது.

கற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலமாக அடிபட்ட தலைக்கவசம் பார்க்க நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். சிறு குதிகால் உள்ள காலணி அணிந்து, குதிகாலைத் தாழ்த்தியே உட்கார வேண்டும். பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொண்டால் விழும்போது இழுத்துக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. செலவும் குறைவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. செலவில்லாமல் குதிரையோடு பழக நினைப்பவர்கள், உடற்குறையுள்ளோர் குதிரையேற்றச் சங்கத்தில் தொண்டூழியராகலாம். 1982 முதல் உடற்குறையுள்ளோருக்கு இலவசமாகக் குதிரையேற்றச் சிகிச்சை அளித்துவரும் சங்கம் அது. பயனாளர் குதிரைமேல் இருக்க, தொண்டூழியர்கள் பக்கத்தில் நடந்து வருவார்கள்.

உடற்பயிற்சிச் சிகிச்சையாகவே குதிரை ஏறத் தொடங்கியவர்தான் லோரென்ஷியா டான். பெருமூளை வாதமும் செவித்திறன் குறைபாடும் உள்ள அவர், 2008 பெய்ஜிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். அந்தப் போட்டிகளில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பதக்கங்கள் அவை.

சென்ற மாதம் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், விழுந்ததைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறேன் என்றார். சந்தையிலிருந்து நேரே வந்து வேலியோரம் நின்றார். கையில் கீரையும் தேங்காயும் வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் பை.

மூலைக்கு வரும் முன்பே குதிரையின் காதுகள் நிமிர்ந்தன. நடை நின்றது. என் தொடை இறுகுவது எனக்கே தெரிந்தது. "தீவு விரைவுச்சாலையில்..." என்று தொடங்கினேன், குரல் நடுங்கியது. குதிரை பையைப் பார்த்தது, நான் குதிரையின் காதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தி, அம்மாவைத் தாண்டி நடந்தது.

இறங்கி வந்தபோது அம்மா என்னையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுதானா ஸ்டூடியோ படிக்கட்டு?" என்று மட்டும் கேட்டார்.