சம்பளம் 21,000 தாண்டும்போது சர்க்கரையும் ஏறினால்? ஆம்பூர் நண்பன் போட்ட கணக்கு



ஆறு மாசத்துக்கு முன்னாடி ஆம்பூர் போயிருந்தேன். காலேஜ் நண்பன் ஒருத்தன் அங்கே ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான் போனாலே நேரா பிரியாணி கடைக்குத்தான் போவோம். அன்னைக்கு அவன் அரை பிளேட் மட்டும் சொன்னான்.

"என்னடா, ஆம்பூர்க்காரன் அரை பிளேட் சாப்பிடுறே?"

"இதைப் பாரு மச்சான்" என்று மொபைலை நீட்டினான். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். மூணு மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.2. வயசு 29.

5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் சர்க்கரை நோய். அவன் நடுவில் நிற்கிறான். அவனுக்குப் பெரிய கவலை அது இல்லையாம். "அடுத்த மாசம் இன்க்ரிமென்ட். 20,500 சம்பளம் 23,000 ஆகுது. இஎஸ்ஐ போயிடும். இப்போ போய் இன்சூரன்ஸ் எடுத்தா இந்த ரிப்போர்ட்டைக் காட்டணும்" என்றான்.

நம்ம சேனலில் இன்சூரன்ஸ் பற்றி நிறைய பேசியிருக்கோம். நடப்பதைப் பற்றிப் பேசியதே இல்லை. ரெண்டும் ஒரே கணக்கின் ரெண்டு பக்கம் என்று அன்னைக்குத்தான் எனக்கு உறைத்தது.

154 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று இந்தத் தோல் பெல்ட்டில் ஆபீஸ் வேலையில் சேரும் பலருக்கு ஆரம்பத்தில் சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கும். தொழிலாளி பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. 20,500 சம்பளத்துக்கு நம் கையிலிருந்து போவது 154 ரூபாய்தான். அதற்கு நமக்கும், மனைவி குழந்தைகளுக்கும், நம்மைச் சார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம். உடம்பு முடியாமல் லீவு போட்டால், தகுதி இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70% தொகையும் உண்டு.

ஆனால் வரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்த வரம்பு அது. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று ரெண்டு பங்களிப்புக் காலம். நடுவில் சம்பளம் ஏறினால் அந்தக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். ஏப்ரல் 1 அன்றே 21,000-க்கு மேல் போய்விட்டால் அன்றோடு நிற்கும். முந்தைய அக்டோபர்-மார்ச்சில் கட்டியதற்கான பலன் அந்த வருஷ டிசம்பரோடு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் இருந்தால் உண்டு. வேலை மாறினால் அதுவும் போச்சு. ஆக, சொந்தமாக ஒரு பாலிசி வேண்டும். அங்கேதான் சிக்கல். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024-க்கு முன் அது 4 வருஷமாக இருந்தது. நோயைப் பொறுத்து பிரீமியத்தை ஏற்றலாம், சில சமயம் பாலிசியே தராமலும் போகலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் சர்க்கரை வந்தபின் ஏறும் பிரீமியத்தை அது சரிக்கட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மறைத்து எடுத்தால்? தயவுசெய்து வேண்டாம். க்ளெய்ம் வரும் அன்று பழைய ரிப்போர்ட் வெளியே வந்தால் கட்டிய பணமும் வீண், ஆஸ்பத்திரி பில்லும் நம் தலையில்.

உட்கார்ந்தே போகும் ஒரு நாள்

நண்பனின் நாளைக் கேட்டேன். வாணியம்பாடியில் வீட்டு முனையிலேயே கம்பெனி வேன். 9 மணிக்கு நாற்காலி. காஸ்டிங் ஷீட், சாம்பிள் ஃபாலோ-அப், ஷிப்மெண்ட் டாக்குமெண்ட். பையர் ஜெர்மனி. நமக்கு மாலை 6 மணி என்றால் அங்கே கோடைக்காலத்தில் மதியம் 2.30, குளிர்காலத்தில் 1.30. நாம் கிளம்பும் நேரத்தில்தான் அவர்கள் மெயில் மழை ஆரம்பம். 8 மணி வரை நாற்காலி, பிறகு வேன், சாப்பாடு, தூக்கம். மொபைல் காட்டிய கணக்கு 2,300 அடி.

இவன் மட்டும் இல்லை. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022-ல் இந்தியப் பெரியவர்களில் 49.4% பேர் போதுமான அளவு உடம்பை அசைப்பதில்லை. 2000-ல் அது 22.3%. பெண்களில் 57%, ஆண்களில் 42%.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர்களில் ஒருவர் லண்டன் டாக்டர் ஜெர்ரி மாரிஸ். 1953-ல் அவர் வெளியிட்ட ஆய்வு மாடி பஸ் ஊழியர்களைப் பற்றியது. ஒரே பஸ், ஒரே நிர்வாகம். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார், கண்டக்டர் படி ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். டிரைவர்களை விட கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. நம்ம கம்பெனியிலும் அந்தக் கண்டக்டர் வேலையைக் கொஞ்சம் கடன் வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

சென்னையில் நடந்த சோதனை

"நடந்தா மட்டும் குறைஞ்சிடுமா?" என்று நண்பன் கேட்டான். இதற்குப் பதில் நம்ம ஊரிலேயே இருக்கு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடந்த இந்திய நீரிழிவு தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. நண்பனைப் போலவே சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர். பெரும்பாலும் வேலைக்குப் போகும் நடுத்தர வர்க்கம். ஒரு குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு குழுவுக்கு உணவில் மாற்றம், உட்கார்ந்த வேலை என்றால் தினமும் குறைந்தது 30 நிமிடம் வேகநடை.

மூணு வருஷத்தில் முதல் குழுவில் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை நோய் வந்தது. உணவை மாற்றி நடந்த குழுவில் 100-க்கு 39. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு, 40.5. நடந்த எல்லாரும் தப்பிக்கவில்லை. ஆனால் 100 பேரில் 16 பேர் என்பது சின்ன எண் இல்லை. ஜிம் இல்லை, மெஷின் இல்லை.

இப்போ ரூபாயில் பார்ப்போம். மாத்திரை, பரிசோதனை எல்லாம் சேர்த்து மாசம் 1,200 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 30 வயதில் ஆரம்பித்தால் 60 வரை 4,32,000. அதே 1,200-ஐ எஸ்ஐபியில் போட்டு, வருஷம் 10% கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டால் 30 வருஷத்தில் சுமார் 27 லட்சம். 10% உத்தரவாதம் இல்லைதான். விலைவாசி ஏறினால் மருத்துவச் செலவும் ஏறும் என்பதையும் இதில் சேர்க்கவில்லை.

எஸ்ஐபி மாதிரி நடை

எஸ்ஐபி ஏன் ஓடுது? நம்ம மனசைக் கேட்காமல் 5-ஆம் தேதி பணம் போயிடும். நடையையும் அப்படி வைக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அதோடு ரெண்டு நாள் தசைக்கான பயிற்சி. 30 நிமிடம், 5 நாள். மொத்தமாகப் போட முடியாவிட்டால் பத்துப் பத்தாகப் பிரித்துப் போடலாம்.

நண்பன் செய்தது இதுதான்:

காலையில் வேனுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி நடந்து போய் ஏறினான். 10 நிமிடம். சித்திரை வெயிலில் இந்தப் பக்கம் 8 மணிக்கே நெருப்பு. காலையில் சீக்கிரம் முடிப்பதுதான் உத்தி. ஹைவே ஓரத்தில் மட்டும் நடக்காதீங்க, உள்தெரு போதும்.

மதியம் சாப்பிட்டதும் கம்பெனி ஷெட்டுக்குள்ளேயே 10 நிமிடம். சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். மேலே கூரை இருப்பதால் வெயில் பிரச்சினை இல்லை.

சாம்பிள் பற்றி இன்டர்காமில் கேட்பதை நிறுத்தினான். ஸ்டிச்சிங் லைனுக்கு நேரில் போய்ப் பார்த்தான். நாளுக்கு நாலு தடவை. தவறுகளும் சீக்கிரம் கண்ணில் பட்டதாம்.

முதல் வாரம் மேனேஜர், "என்னப்பா, வேலை இல்லையா, சுத்திக்கிட்டே இருக்கே?" என்று கேட்டிருக்கிறார். நம்ம ஆபீஸ்களில் சீட்டில் இருந்தால்தான் வேலை என்று ஒரு நினைப்பு. நண்பன் ரிப்போர்ட்டைக் காட்டினான். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு 6.9-ப்பா" என்றாராம். அடுத்த வாரத்திலிருந்து மதியம் அவரும் கூட நடக்கிறார். பெரியவர் எழுந்ததும் அக்கவுண்ட்ஸில் இருந்த அக்காமார் ரெண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

டீம் லீடராக இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்க எழுந்தால்தான் உங்க கீழே இருப்பவர் பயமில்லாமல் எழுவார். போஸ்டர் ஒட்டுவதை விட அது வேலை செய்யும். அரசும் வழி போட்டிருக்கு. 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 2023 நவம்பர் முதல் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' மூலம் வேலை இடத்துக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். உங்க ஹெச்ஆரிடம் கேளுங்க.

இந்த மாசம் செய்ய வேண்டியது

1. சர்க்கரை, ரத்த அழுத்தம் ஒரு முறை பாருங்க. ரிப்போர்ட்டை ஃபைல் பண்ணுங்க.
2. சம்பளம் 18,000-20,000-ல் இருக்கும்போதே சொந்த ஹெல்த் பாலிசி எடுக்கப் பாருங்க. உண்மையைச் சொல்லி எடுங்க.
3. மூணு மாசம் விடாமல் நடந்தபிறகு ஜிம்முக்கு வருஷக் கட்டணம் கட்டலாம். அதுவரை ஷூ போதும்.
4. ஏற்கெனவே சர்க்கரை, இதயப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிங்க.

போன வாரம் நண்பன் புது ரிப்போர்ட் அனுப்பினான். 5.9. இன்னும் கோட்டுக்குக் கீழே வரலை. எல்லாருக்கும் இதே மாதிரி குறையும் என்றும் சொல்ல முடியாது. பாலிசி கிடைத்துவிட்டது, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோடு. "ரெண்டு வருஷம் முன்னாடி நடக்க ஆரம்பிச்சிருந்தா இந்தக் கூடுதல் காசு மிச்சம்டா" என்று எழுதியிருந்தான்.

உங்க மொபைலில் நேற்றைய அடிக்கணக்கு எவ்வளவு? கமெண்டில் போடுங்க. அடுத்த வீடியோவில் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வருபவர்கள் பாலிசி தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம். இப்போ இதைப் படிச்சு முடிச்சாச்சு, எழுந்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.