இடமறியக் கேட்கும் கைபேசி

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும்போது, அங்கத்தினர் பலர் கைபேசியில் காற்று நிலவரம் பார்ப்பதைக் காண்கிறோம். நற்பழக்கமே. ஆயின் அதற்கான செயலிகள் நாமிருக்கும் இடத்தைக் கேட்கின்றன. ஏரியில் பாடு முறைப்படி அவரவர் இடம் ஊரறிந்தது. கடலில் மீன் கண்ட இடத்தையோ எவரும் எளிதில் வெளியிடார். அத்தகையவரும் கைபேசி கேட்டவுடன் இசைந்துவிடுகிறார்!

2021-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12 முதல், துல்லிய இடம், தோராய இடம் என்னும் இரண்டில் ஒன்றை நாமே தெரிந்தெடுக்கலாம். பின்னதாயின் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பளவே செயலிக்குத் தெரியும். காற்று நிலவரத்திற்கு அதுவே போதும். ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற அனுமதியும் உண்டு, அதனையே கொடுக்கவேண்டும். கடலில் ஆபத்து நேரின், மீட்க வருவோருக்குத் துல்லிய இடத்தையே தெரிவிக்க வேண்டும். அங்கு மறைப்பது உயிருக்குக் கேடு.