இழை சுற்றும் கதை – 11: ஃபோர்டு காரிலிருந்து ஒரு கப்ளிங்

டயாலிசிஸில் ரத்தத்தைக் கழுவும் டயலைசருக்குள் இருக்கும் குழலிழையோடு போன வாரம் நிறுத்தினேன். உள்விட்டம் 200 மைக்ரான், சுவர் 40 மைக்ரான், உள்ளே ரத்தம், வெளியே கழுவுநீர். இதற்கு மேல் நினைவூட்டுவதாக இல்லை. அந்த இழையைச் சுற்றும் இயந்திரத்தில் மோட்டாரையும் சக்கரத்தையும் சேர்க்கும் கப்ளிங்கை எப்படி வடிவமைக்கிறார்கள் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. சொல்லத்தான் போகிறேன். நடுவில் ஒரு ஃபோர்டு கார் வந்து நின்றுவிட்டது, அதைத் தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும்.

நெதர்லாந்தில் ஐசல் ஆற்றங்கரையில் காம்பன் என்று ஓர் ஊர். இரண்டாம் உலகப் போர்க்காலம், ஜெர்மன் படை உட்கார்ந்திருக்கிறது. வில்லெம் கொல்ஃப் என்ற இளம் மருத்துவர், சிறுநீரகம் நின்றுபோனவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார். ஊரில் எனாமல் பாத்திரத் தொழிற்சாலை நடத்திய ஹென்றிக் பெர்க் கைகொடுத்தார். கிடைத்த சாமான்களைப் பாருங்கள்: இறைச்சியை அடைத்து விற்கப் பயன்பட்ட செலோஃபேன் குழாய், மரச்சட்டங்கள், ஓர் எனாமல் தொட்டி. படுக்கைவாக்கில் கிடந்த உருளையின் மேல் 20 மீட்டருக்குக் குறையாத செலோஃபேன் குழாயைக் கொல்ஃப் சுற்றினார். உருளையின் கீழ்ப்பாதி தொட்டியிலிருந்த உப்புநீரில் முழுகியிருக்கும். உருளை சுழலச் சுழல, குழாயில் இருக்கும் ரத்தம் எடையால் கீழேயே தங்கப் பார்க்கும், சுற்றோ முன்னே நகரும். ஆக, ஒரு முனையில் விட்ட ரத்தம் தானாகவே மறுமுனைக்குப் போய்ச் சேரும். ஆர்க்கிமிடீஸ் திருகு வேலை செய்வதும் இப்படித்தான். யூரியா செலோஃபேனைத் தாண்டித் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

இதுவரைக்கும் அழகு. நோயாளி சுழலவில்லை, உருளை சுழல்கிறது. நோயாளியின் கையிலிருந்து வரும் குழாயை உருளையோடு அப்படியே கட்டினால், சில சுற்றிலேயே கயிறாக முறுக்கிக்கொள்ளும். சுழலாததும் சுழல்வதும் சந்திக்கும் இடத்தில், ரத்தம் கசியாமல் கடக்க ஒரு வழி வேண்டும். கொல்ஃப் போய் நின்ற இடம் மருத்துவக் கருவிக் கடை அல்ல, காம்பனில் இருந்த ஃபோர்டு கார் முகவரின் பட்டறை. கார் இன்ஜினின் தண்ணீர் பம்பிலும் இதே தொல்லைதானே? ஷாஃப்ட் சுற்றும், பம்பின் உடம்பு சுற்றாது, நடுவில் தண்ணீர் ஒழுகக் கூடாது. அந்த அமைப்பைப் பார்த்து, அதே மாதிரி இரண்டு சுழல் கப்ளிங் செய்து உருளையின் இரு முனையிலும் மாட்டினார்.

மனிதனின் ரத்தம் ஃபோர்டு காரின் ரேடியேட்டர் தண்ணீர் போன வழியில் போனது என்று படித்த அன்றைக்கு வேறு எதுவும் எழுத ஓடவில்லை. ஆசிரியரிடமிருந்து இரண்டு தடவை போன்.

காணையில், விழுப்புரம் சாலையில் பம்புசெட் பழுதுபார்க்கும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அண்ணே, ஒரு சொட்டுகூட வுழாம கிளாண்ட கட்ட முடியாதா?" என்று கேட்டேன். "முடியும் தம்பி. அப்புறம் ஷாஃப்ட் தேஞ்சி போயிடும். சொட்டுச் சொட்டா வுழணும், அதான் அதுக்கு எண்ணெ" என்றார். பம்பின் கிளாண்டில், அதாவது ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், அடைத்திருக்கும் கயிற்றை இறுக்கினால் சூடேறி ஷாஃப்ட்டைத் தின்னும், தளர்த்தினால் ஒழுகும். கரும்புக்குப் போகும் தண்ணீரில் நாலு சொட்டு சிந்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. ரத்தத்தில் அந்தச் சலுகை கிடையாது. வெளியே கசிந்தால் நோயாளியின் உயிர். உள்ளே காற்று புகுந்தாலும் உயிர். உராயும் முகங்களுக்கு நடுவில் சிவப்பணுக்கள் நசுங்கும். இடுக்கில் தேங்கினால் உறையும், அதைத் தடுக்கத்தான் ஹெப்பாரின் மருந்து.

1943 மார்ச்சில் முதல் நோயாளி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அநேகமாக எல்லோருமே இறந்துபோனார்கள். 1945 செப்டம்பரில், ஆழ்ந்த மயக்கத்தில் கொண்டுவரப்பட்ட 67 வயது அம்மா ஒருவர் கண் விழித்தார். போரில் ஜெர்மானியருக்கு ஒத்துழைத்ததாகக் காவலில் வைக்கப்பட்டிருந்தவர் அவர். விழித்ததும் புருஷனை விவாகரத்து செய்யப் போவதாக அறிவித்தார் என்று ஒரு கதை உண்டு. எழுந்த பிறகு பல ஆண்டு வாழ்ந்தார்.

பிறகு கொல்ஃப் அமெரிக்கா போய், கிளீவ்லாந்தில் புருனோ வாட்ஷிங்கருடன் சேர்ந்து 1956இல் இரட்டைச் சுருள் சிறுநீரகத்தைச் செய்தார். ஒரு பழச்சாறு டின்னைச் சுற்றி, செலோஃபேன் குழாயையும் வலைத்துணியையும் சேர்த்துச் சுற்றியது. ஒருமுறை சுற்றினால் சரி, அதன் பிறகு அது சுழலாது. ரத்தத்தை பம்ப் தள்ளும். ஃபோர்டு கப்ளிங்குக்கு வேலை போயிற்று. நம் பக்கத்தில் 1960களின் தொடக்கத்திலேயே வேலூர் சிஎம்சியில் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. 1971இல் சிறுநீரக மாற்று அறுவையும் அங்கேயே நடந்தது. அதே 1960களில் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ஹென்றி மேஹன் குழலிழை நூற்கும் வழியைக் கண்டார், ரிச்சர்ட் ஸ்டூவர்ட் அதை நோயாளிக்குக் கொண்டுவந்தார். இன்று காணைப் பக்கத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் பக்கத்தில் நிற்கும் குழாய், அந்தப் பரம்பரைதான். ஏறக்குறைய 10,000 இழை, கால் மீட்டர் நீளம். பெருக்கிப் பார்த்தால் இரண்டரை கிலோமீட்டர் இழை. உள்பரப்பை விரித்தால் ஒரு வீட்டுக் கதவின் அளவு, ஒன்றரைச் சதுர மீட்டர்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது இதைத்தான்: கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சுழற்சி தொழிற்சாலைக்குப் போய்விட்டது. இழையை அங்கே பெரிய சக்கரத்தில் சுற்றுகிறார்கள். பல துளைகளிலிருந்து ஒரே நேரத்தில் நூற்ற இழைகள் குளியல் தொட்டிகளைத் தாண்டி வந்து சக்கரத்தில் ஏறும். போதுமான எண்ணிக்கை சேர்ந்ததும் கட்டாக வெட்டி எடுப்பார்கள். சுழல்வதும் சுழலாததும் சந்திக்கும் தொல்லை அங்கே வேறு வேஷத்தில் நிற்கிறது. கசியப் போவது ரத்தம் அல்ல, வேகம்.

பம்புசெட்டில் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் நம்மூரில் மாட்டுவது லவ்ஜாய் கப்ளிங். இரண்டு பல் முகம், நடுவில் நட்சத்திர ரப்பர். கொஞ்சம் கோணல் இருந்தாலும் தாங்கும், ரப்பர் போனால் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்தால் ஆட்டம் வரும். பம்ப் ஒரே பக்கம், ஒரே சுமையில் ஓடுவதால் அந்த ஆட்டம் தெரியாது. இழைச் சக்கரத்தில் அப்படியில்லை. வேகம் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் பல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவும், இழைக்கு ஒரு சுண்டு விழும். ஈர இழைக்குத் தெம்பு குறைவு. இழுபட்டால் சுவர் மெலியும், துளை நசுங்கும். அறுந்தால்கூட பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். அறுகிற அளவுக்குப் போகாமல் இழுபட்டதுதான் ஆபத்து, அது சோதனையிலும் தப்பிவிடலாம். அதனால் ஆட்டமே இல்லாத கப்ளிங்கைத் தேடுவார்கள். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் மடிப்பு மடிப்பாகச் செய்த துருத்திக் கப்ளிங் அப்படி ஒன்று. பலத்துக்காக அதைத் தேர்ந்தெடுப்பதில்லை, சுமையே சொற்பம்.

ஷாஃப்ட் இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால்? டிராக்டரிலிருந்து ரொட்டவேட்டருக்குப் போகும் பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட் நினைவுக்கு வரும். கோணத்தை அது தாங்கும், ஆனால் ஒரு குறும்பு செய்யும். ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். 10 டிகிரி கோணத்தில் மேலும் கீழும் ஒன்றரை சதவீதம். 5 டிகிரியில் அதில் கால் பங்கு. மண்ணைக் கிளறுகிற கத்திக்கு இது உறைக்காது, 40 மைக்ரான் சுவருக்கு உறைக்கும். அதனால்தான் இரண்டு கிராஸ் போடுகிறார்கள்: ஒன்று செய்யும் குறும்பை மற்றொன்று திருப்பிச் செய்து அழிக்கும். இரண்டு பக்கக் கோணமும் சமமாக இருக்க வேண்டும், நடு ஷாஃப்ட்டில் இருக்கும் இரண்டு கவைகளும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். ஒன்றைக் கால் சுற்று திருப்பி மாட்டினால், அழிவதற்குப் பதில் கூடும்.

கோணம் இல்லாமல் அச்சு மட்டும் பக்கவாட்டில் விலகியிருந்தால் அதற்கு ஜான் ஆல்தம் என்ற அயர்லாந்துக்காரர் நீராவிக் கப்பலின் துடுப்புச் சக்கரத்துக்காக 1821இல் யோசித்த மூன்று தட்டு கப்ளிங் இருக்கிறது. வேகத்தில் துளி ஏற்ற இறக்கம் வராது. அதையும், இழுவிசையைச் சமன்செய்யும் டான்சர் ரோலரையும் இந்த வாரமே முடித்துவிடத்தான் நினைத்தேன். இடம் முடிந்துவிட்டது என்கிறார் ஆசிரியர், பழி ஃபோர்டு மேல். ஆல்தம் அடுத்த வாரம். பி.டி.ஓ. ஷாஃப்ட்டில் கிராஸ் மாற்ற இருப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்; கவைகளை மட்டும் பார்த்து மாட்டுங்கள்.