உள்பக்க டயரின் காற்றை யார் பார்த்தது?

சாரல் காலம். குற்றாலத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த எங்கள் சுற்றுலா வேன், திருநெல்வேலி புறவழிச்சாலையோரம் ஒரு பஞ்சர் கடையில் நின்றது. வண்டி இடதுபக்கமாக இழுக்கிறது என்று ஓட்டுநருக்குச் சந்தேகம். கடைக்காரர் ஜாக்கியையும் எடுக்கவில்லை, ஸ்பேனரையும் தொடவில்லை. முன்சக்கரத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்தார். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து வெளியிலிருந்து உள்நோக்கி ஒருமுறை தடவினார். பிறகு உள்ளிருந்து வெளியே ஒருமுறை.

"அண்ணாச்சி, அங்க போகும்போது வழவழன்னு போகுது. திரும்பி வரும்போது ரம்பம் மாதிரி அறுக்கு. நீங்களே தடவிப் பாருங்க."

ஓட்டுநர் தடவிப் பார்த்தார். நானும் பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகவே தெரிந்த டயர் மேல்பரப்பின் பட்டன்கள் கைக்கு வேறு கதை சொல்லின. ஒவ்வொரு பட்டனும் ஒரு ஓரத்தில் மழுங்கியும் மறு ஓரத்தில் கூர்மையாகவும் இருந்தது. அடுத்து அவர் பின்பக்கம் போய், இரட்டை டயர்களின் இடுக்கில் கையை விட்டு வால்வைத் தேடிக் கேஜை வைத்தார். வெளி டயரில் 65 பவுண்டு. உள் டயரில் 40.

"எல்லாரும் வெளிய உள்ளத மட்டும் பாத்துட்டுப் போயிருதாங்க" என்றார். அவர் குரலில் இருந்தது கோபம் அல்ல, வருத்தம்.

அந்த வருத்தம் நியாயமானது. ஒரு வண்டியின் முழு எடையையும் தாங்குவது ரப்பர் அல்ல. அதற்குள் அடைபட்டிருக்கும் காற்று. ரப்பரும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரம்தான். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நகரும்போது அதன் கெட்டிச் சக்கரங்களைக் கவனித்திருப்பீர்கள். அவை நசுங்குவதில்லை. சக்கரம் தரையைத் தொடும் இடம் ஒரு குறுகிய கோடு மாதிரிதான் இருக்கும். அத்தனை பாரமும் அங்கேயே இறங்கும். காற்றடைத்த டயர் அப்படியில்லை. அது பாரத்துக்குத் தக்கபடி அடியில் தட்டையாகி, தனக்கு வேண்டிய அளவு தரையைப் பிடித்துக்கொள்கிறது.

எவ்வளவு தரை என்பதை வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஒரு சக்கரத்தின் மேல் ஒரு டன் எடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே 65 பவுண்டு காற்று இருந்தால் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். ஓர் ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. அதே எடைக்குக் காற்று 40 ஆகக் குறைந்தால் பரப்பு 350 சதுர சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பிடிப்பு கூடுகிறதே, நல்லதுதானே என்று தோன்றலாம். அந்தக் கூடுதல் பரப்பு வருவது டயரின் பக்கச்சுவர் மடிவதால். அப்போது நடுப்பகுதி லேசாக உள்வாங்கி, எடை இரண்டு ஓரங்களுக்கு, அதாவது டயரின் தோள்களுக்குப் போகிறது. தோள்கள் இரண்டும் தேய்கின்றன, நடுப்பகுதி புதுசாகவே இருக்கிறது. காற்று மிகுந்தால் இதற்கு நேர்மாறு: நடுப்பகுதி புடைத்து அது மட்டும் தேயும்.

தேய்மானம் பணத்தோடு போய்விடும். மடிப்பு உயிருக்கு உலை வைக்கக்கூடியது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வேன் டயர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 முறை சுழல்கிறது. திருநெல்வேலியிலிருந்து நான்குவழிச்சாலையில் மதுரை போய்ச் சேர்வதற்குள் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் எழுபதாயிரம் முறை மடிந்து நிமிர்ந்திருக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இது வினாடிக்குப் பத்து முறை. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் மடிப்பில் சுடுமல்லவா, ரப்பரும் அப்படித்தான். மடியும்போது வாங்கிய ஆற்றலை நிமிரும்போது முழுதாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாகத் தங்குகிறது. கனரக டயர்களில் செயற்கை ரப்பரைவிட இயற்கை ரப்பரைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு முக்கியக் காரணம், அது குறைவாகச் சூடாகும் என்பதே. குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் வடிக்கிற பாலுக்கு அந்த மதிப்பு உண்டு. ஆனாலும் காற்றுக் குறைந்த டயரைச் சித்திரை வெயிலில் ஓட்டினால் எந்த ரப்பரும் தாங்காது. உள்ளே அடுக்குகளை ஒட்டி வைத்திருக்கும் பிடி விடுகிறது, பட்டை உரிகிறது, டயர் வெடிக்கிறது. சாலையோரம் கறுப்பாகச் சுருண்டு கிடக்கும் பட்டைகளைப் பார்க்கும்போது 'வெயிலுக்கு வெடித்தது' என்கிறோம். வெயில் பெரும்பாலும் துணைக் குற்றவாளி. முதல் குற்றம் காற்றுக் குறைவும் கூடுதல் பாரமும்தான்.

இங்கேதான் நம் ஓட்டுநர்கள் பலர் செய்யும் ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு பங்கில் நிறுத்திக் காற்றுப் பார்க்கிறார்கள். கேஜ் 73 காட்டுகிறது. '65 தானே இருக்கணும்' என்று எட்டுப் பவுண்டை இறக்கிவிடுகிறார்கள். அது தப்பு. காலையில் 27 டிகிரியில் 65 இருந்த டயர், ஓடி 57 டிகிரிக்குச் சூடாகும்போது 73 காட்டத்தான் செய்யும். மூடிய பாத்திரத்தில் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த விதிதான் இது. டயரை வடிவமைத்தவர்கள் அந்த ஏற்றத்தையும் கணக்கில் சேர்த்தே 65 என்று எழுதியிருக்கிறார்கள். சூட்டில் எட்டை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குளிர்ந்த டயரில் இருப்பது 58 தான். அன்றைய ஓட்டம் முழுவதும் அது கூடுதலாக மடியும், கூடுதலாகச் சூடாகும். மறுபடி கேஜ் ஏறிக் காட்டும், மறுபடி இறக்குவார்கள்.

ஆகவே காற்றுப் பார்க்கும் நேரம் விடியற்காலை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். பக்கத்து பங்கே ஐந்து கிலோமீட்டர் என்றால் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்வதுதான் வழி. லிவரால் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்றுச் சொல்லும் கிளீனர்கள் உண்டு. அடியோடு இறங்கிப்போன டயரை அந்தச் சத்தம் காட்டிக்கொடுக்கும். 65-க்கும் 55-க்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. நைட்ரஜன் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை என்பதும் சரியல்ல. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். சூட்டில் அழுத்தம் ஏறும் விதி இரண்டுக்கும் ஒன்றே. ஈரமில்லாமல் இருப்பது ஒரு நன்மைதான்.

மலையேறும் வண்டிகளுக்கு இன்னொரு கணக்கு. திருநெல்வேலியில் 37 டிகிரிப் பிற்பகலில் 65 பிடித்துவிட்டு மூணாறு போகிறீர்கள். மறுநாள் காலை அங்கே 10 டிகிரி. அழுத்தம் நாலைந்து பவுண்டு இறங்கியிருக்கும். பஞ்சர் என்று பதற வேண்டாம். ஆனால் அந்தக் குறைவோடு இறக்கத்தில் ஓட்டவும் வேண்டாம். மாஞ்சோலைப் பாதையிலும் புளியரை எஸ் வளைவிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் பாரம் வெளிப்பக்க முன்சக்கரத்தின் தோளில் சாய்கிறது. அடிக்கடி மலையேறும் வண்டிகளின் முன்டயர்களில் வெளித்தோள் முதலில் வழுக்கையாவது அதனால்தான்.

சமவெளியிலும் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சோதனை உண்டு. ஆனி, ஆடியில் பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது மேல்காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுதான். கன்னியாகுமரியை நோக்கிப் போகும் உயரமான வேனுக்கு வலப்பக்கம் அடி விழும். இடப்பக்க டயர்கள் கூடுதல் பாரம் சுமக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்தே ஓட்டுவார். இழுப்பு மேல்காற்றாலா, சக்கர அலைன்மென்டாலா என்பதை அங்கே வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. காற்றில்லாத நேரத்தில் சமமான சாலையில் பார்க்க வேண்டும்.

அலைன்மென்ட் என்பதை வெறும் கடைக்காரர் செலவாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சக்கரம் போக வேண்டிய திசைக்கு ஒரே ஒரு டிகிரி கோணலாக நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி போய்வந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் தூரம் டயரை உருளவிடாமல் தார்ச்சாலையில் உரசியதற்குச் சமம். கடைக்காரரின் உள்ளங்கை கண்டுபிடித்த ரம்பப்பல் அந்த உரசலின் தழும்பு. டயரின் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கிறது. அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸையும் பாருங்கள்.

இப்போது பின்பக்க இரட்டை டயர்களுக்கு வருகிறேன். இவை ஒரே அச்சில் சேர்த்துப் பூட்டப்பட்டவை. ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே தீர வேண்டும். ஒன்றின் விட்டம் 6 மில்லிமீட்டர் குறைந்தாலும் அது கிலோமீட்டருக்கு எட்டு மீட்டருக்கு மேல் பின்தங்கும். பின்தங்க முடியாததால் உரசிக்கொண்டே வரும். புது டயரையும் பழைய டயரையும் ஜோடி சேர்க்கக் கூடாது என்பதும், இரண்டிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். உள் டயரில் காற்று இறங்கினால் அதன் பங்குப் பாரம் வெளி டயரின் தலையில் விழுகிறது. உள் டயருக்கோ பிரேக் டிரம்மின் சூடு பக்கத்திலேயே இருக்கிறது, காற்றோட்டமும் குறைவு. இரண்டு பக்கச்சுவர்களும் புடைத்து ஒன்றையொன்று உரசத் தொடங்கினால் முடிவு வெகுதூரத்தில் இல்லை. வால்வு கைக்கு எட்டவில்லை என்பதுதான் எல்லாருடைய சாக்கு. அதற்கென்று எக்ஸ்டென்ஷன் குழாய் கடைகளில் கிடைக்கிறது.

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் கேரவன் வண்டிகளை இதுவரை அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் சினிமாப் படப்பிடிப்பு நடக்கும்போதுதான் நம் மக்கள் அதிகம் பார்த்திருப்பார்கள். பக்கத்துக் கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. இங்கேயும் வேன் வாங்கிக் கட்டில், அடுப்படி, கழிப்பறை வைத்து மாற்றிக்கொள்ள விரும்புவோர் இருக்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. லாரி சரக்கை இறக்கினால் டயருக்கு ஓய்வு. கேரவனில் பாரம் இறங்குவதே இல்லை. அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் பிடித்தால் அப்படியே 200 கிலோ. அது நிற்கும் பக்கத்திலேயே அடுப்படியும் ஃபிரிட்ஜும் இருந்தால் அந்தப் பக்கத்து டயர்களின் கதி என்ன? ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் காற்று அளவு, கம்பெனியிலிருந்து வந்த வண்டிக்கு எழுதியது. நீங்கள் மாற்றிக் கட்டிய வீட்டுக்கு எழுதியதல்ல. டயரின் பக்கச்சுவரில் பொறித்திருப்பதோ அந்த டயர் சுமக்கக்கூடிய உச்ச பாரத்துக்கான அளவு. எல்லா நாளும் அடிக்க வேண்டிய அளவு என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாச் சாமான்களையும் ஏற்றி, தண்ணீரும் பிடித்து, எடைமேடையில் முன்அச்சைத் தனியே, பின்அச்சைத் தனியே, முடிந்தால் வலமும் இடமும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். பாரம் கூடிய பக்கத்துக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ, டயர் கம்பெனியின் அட்டவணைப்படி அதையே அந்த அச்சின் இரு பக்கமும் அடிக்க வேண்டும்.

இத்தகைய வண்டிகள் மாதக்கணக்கில் நிற்கவும் செய்யும். பட்டன் தேயாமலே வெயிலும் ஓசோனும் பக்கச்சுவரில் வெடிப்பு விழவைக்கும். டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 15-வது வாரத்தில் செய்தது. பழைய டயர் வாங்கும்போது பட்டன் ஆழத்தைவிட இதை முதலில் பாருங்கள்.

டயரைப் போற்றுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. மதுரையில் 1912 வாக்கில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் பஸ் டயரைக் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியை முன்னே ஓடவிட்டு அவற்றைப் பொறுக்கவைத்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

அன்று அந்தக் கடையில் உள் டயருக்குக் காற்றுப் பிடித்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த வாரம் குடும்பத்தோடு வேனில் கிளம்புகிறீர்கள் என்றால், ஏறும் முன் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணாச்சி, உள்பக்க டயர்ல காத்துப் பாத்தாச்சா?"